பத்து மில்லி

கையுறைப் பெட்டிக்குள் கடுகளவு சிர்கோனியம்.
இரு வளையங்களுக்கு நடுவே ஒற்றை வாசல்.
பழைய வினையூக்கியில்
வாசலுக்கு வாசல் வேறு சட்டம்;
இதில் எல்லாக் கதவும் ஒரே அகலம்.
எத்திலீன் ஓடி நுழையும்.
ஹெக்ஸீன் வாலை மடக்கித் தயங்கும்,
பிறகு நுழையும்.

பின்னிரவில் தைமி
இன்னும் பத்து மில்லி ஹெக்ஸீன் விட்டாள்.
மந்தனைச் சேர்த்தால் வரிசை மந்தப்படத்தானே வேண்டும்?
எத்திலீன் மீட்டர் ஏறியது.
நகத்தால் தட்டினாள்.
இன்னும் ஏறியது.

விடிந்ததும் கலனைத் திறந்தால்
பிசுபிசுப்பில்லாத வெள்ளைத் துகள்:
சங்கிலிகள் கொஞ்சம் குட்டை,
உருகுநிலை பன்னிரண்டு டிகிரி கீழே,
கிளைகள் மட்டும்
எந்தச் சங்கிலிக்கும் ஓரவஞ்சனை இல்லாமல்.

போர்வோவில் கடல் உறைந்து கிடந்தது.
பேருந்து நிறுத்தத்தில், கையுறையைப் பல்லால் கழற்றி,
குறிப்பேட்டில் எழுதினாள்:
ஏன் என்று தெரியவில்லை.
நாளை மறுபடியும்.