பதினான்கு டாலர் அறுபத்தாறு சென்ட்

எந்த நாளில் விசுவாசத்துக்கு வந்தீர் என்று
குருப்பட்டக் குழுவில் கேட்டார்கள்.
நடுவில் இருந்தவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.
படிவத்தில் தேதிக்கென்று ஒரு கட்டம்.

என்னிடம் தேதி இல்லை, ஐயா.
ஒரு தொகை இருக்கிறது.

கான்சாஸின் மேற்கு ஓரத்தில் ஆர்லிஸ் என்று ஓர் ஊர்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒற்றைத் தண்டவாளம்,
பத்து மைலுக்கு அப்பாலேயே தெரியும் தானியக் கோபுரம்.
அதன் காலடியில் தகரக் கொட்டகைக்குள்
என் அப்பா டெல்மர் க்ரோகர்,
கோதுமை லாரிகளை எடைபோட்டுச் சீட்டு எழுதுவார்.
போரிலிருந்து திரும்பியபின் அவர் கோயில் படி ஏறவில்லை.
ஏன் என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.
எழுந்துபோய்,
நன்றாக ஓடிக்கொண்டிருந்த ட்ரக்குக்கு எண்ணெய் மாற்றினார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அறுவடை முடிந்து
எடைமேடையைக் கழுவும்போது அடியில் ஒரு கல் அகப்பட்டது.
கோழிமுட்டை அளவுதான்.
வெறும் லாரி நின்றால் மேடையில் படாது.
பாரத்தோடு வந்தால் மட்டும் முட்டுக்கொடுத்து
லாரிக்கு நாற்பது பவுண்டு தின்றுவிடும்.

எப்போது உருண்டு வந்ததோ.
அறுவடையின் முதல் நாளே என்று வைத்துக்கொண்டார் அப்பா.
யாரும் கேட்கவில்லையே டெல்மர், என்றது கம்பெனி.

முந்நூற்றுப் பதினாறு லாரி.
நாள்காட்டியின் முதுகில் பெருக்கிக் கூட்டினார்.
துணி துவைக்கும் மெஷினுக்கென்று அம்மா சேர்த்திருந்ததை
காப்பி டப்பாவோடு மேசையில் வைத்தாள்,
"உனக்குப் பைத்தியம்" என்று சொல்லிக்கொண்டே.
அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கை வெடித்திருந்தது.

மாலைதோறும் ஒவ்வொரு பண்ணையாகப் போனோம்.
சிலர் சிரித்தார்கள். சிலர் எண்ணி வாங்கினார்கள்.
ஹார்லன் வீட் மட்டும் கவரைப் பிரிக்காமல்
"அப்படியானால் இவ்வளவு நாள் என்னைத் திருடியிருக்கிறாய்" என்றார்.
அப்பா, "ஆமாம்" என்றார்.
திரும்பும் வழியெல்லாம் எனக்குக் காது எரிந்தது.

கடைசியில் ஒரு கவர் மிஞ்சியது.
எமில் ஸ்டாஃபர். பதினொரு லாரி.
செப்டம்பரில் செத்துப்போனார். பெண்டு பிள்ளை இல்லை.
ஆரிகனில் இருந்த தம்பிக்கு எழுதிய கடிதம்
முத்திரை குத்தித் திரும்பி வந்தது.
"ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கே போவானோ
அங்கே போகட்டும்" என்றார் அப்பா.

மெதடிஸ்ட் கோயில் வாசலில் ட்ரக்கை நிறுத்தி,
இன்ஜினை அணைக்காமல், கவரை என் கையில் கொடுத்தார்.
தட்டில் போட்டுவிட்டு வா.

உள்ளே எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள்.
கசாப்புக்கடை லைல், வங்கிக்காரர், என் கணக்கு டீச்சர்,
ஹார்லன் வீட்கூட.
எங்களிடம் குறை இருக்கிறது,
நாங்கள் குறைந்துபோனோம் என்று
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், யாரும் கேட்காமலே.
எடைமேடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.
ஊர் முழுக்க அந்தக் கல் இருக்கிறது,
பாரம் ஏறும்போது மட்டும் தெரிகிறது என்று.

பிறகு பாதிரியார் சொன்னார்:
குறைந்தது கொடுத்தாயிற்று. முழுதும்.
யார் கொடுத்தது என்று பார்க்கத் திரும்பினேன்.
நான் அறிந்தவரையில்
அப்படிக் கொடுக்கிற ஆள் ஊரிலேயே ஒருவர்தான்,
அவர் வெளியே ட்ரக்கில் இருந்தார்.

தட்டு வந்தது, போட்டேன்.
போய்விட்டிருக்கலாம்.
பெஞ்சு ஓரத்தில் யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே இன்ஜின் உறுமியபடி இருந்தது.
பிரசங்கம் நீளமானது; எதுவும் ஞாபகமில்லை.
பெட்ரோல் அப்போது காலனுக்கு முப்பது சென்ட்,
அப்பா அதையும் கணக்கு வைத்திருப்பார்.

அன்றைக்கு வெளியே வந்தபோது
"ஏன் இவ்வளவு நேரம்" என்று அவர் கேட்கவில்லை.
அடுத்த ஞாயிறும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அதற்கடுத்ததும்.
ஒருநாளும் இறங்கவில்லை. சாகும்வரை.
அதை இந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது என்று
எனக்குத் தெரியவில்லை, ஐயா.

இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்:
அவர் ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை.