வாய் திறந்த பூட்டு

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியில்
பால் லாரிகள் வர இன்னும் நேரமிருந்தது.
மேசைமேல் சோதனைக் குழாய்கள், ஆறிய கட்டன் சாயா,
கைபேசியில் நாற்பது டாலர் கேட்கும் ஒரு பக்கம்.

கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை.
புண்ணாக்கிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு.
தீனியை நிறுத்தினால் எத்தனை நாளில் போகும்?
இது தெரிந்தால் போதும் எனக்கு.
ஆத்துமேட்டுச் சங்கத்துப் பாலை
மூன்று தடவை திருப்பி அனுப்பியாயிற்று.
"இனி எப்பங்க எடுப்பீங்க?"
தெரியாது என்று அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள்
எத்தனை முறை சொல்ல முடியும்.

சுருக்கம் மட்டும் இலவசம்,
பக்கத்து வீட்டு மீன்குழம்பு மாதிரி.
நாற்பது டாலரை ரூபாயாக்கிப் பார்த்தேன்:
இரண்டு மூட்டைத் தீவனம், சில்லறை மிச்சம்.
பல்கலைக்கழகம் தந்த கடவுச்சொல்
ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு வந்த அன்றே செத்துவிட்டது.
தெரிந்தும் ஒருமுறை அடித்துப் பார்த்தேன்.

தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினேன்.
எழுதியவள் பெயரால் தேடினேன்.
திருட்டுத் தளம் ஒன்று தெரியும்,
விரல் அதன் பக்கம் போய்
நின்றது.
அதற்குள் பதினோராவது முடிவில்
ஆரஞ்சு நிறத்தில் சின்னதாய் ஒரு பூட்டு,
வாய் திறந்து.

பிரேசிலில் ஏதோ கல்லூரியின் களஞ்சியம்.
அச்சுக்குப் போகும் முன்னிருந்த பிரதி,
ஓரத்தில் யாரோ போட்ட கேள்விக்குறிகூட அழியாமல்.
மரிலேனி தவாரெஸ்.
அடியில் சொல்லியிருந்தாள்:
எடுத்துக்கொள், பகிர், மொழிமாற்று, விற்றாலும் விற்றுக்கொள்;
யார் எழுதியதென்று மட்டும் சொல்லிவிடு.

இரண்டு பத்துக்கு முதல் லாரி.
அவள் ஊரில் இன்னும் நேற்றுச் சாயங்காலம்.
டிரைவர் பிஜோய் எட்டிப் பார்த்து
"எந்தா சேச்சி, சிரிக்குந்நு?" என்றான்.
மூன்றாவது அட்டவணை என்றேன்.
கெட்ட தீனியை நிறுத்திய நாலாம் நாள்
பால் தெளியும்.

விடிந்ததும் தமிழில் எழுதினேன்.
பூஞ்சையின் பெயருக்குத் தமிழ் கிடைக்கவில்லை,
"மஞ்சள் பச்சைப் பொடி" என்று போட்டேன்.
சங்கத்துச் சுவரில்
கொழுப்பு விலைப் பட்டியலுக்குக் கீழே ஒட்டி,
நிபந்தனைப்படி பெயரும் இட்டேன்.

அடுத்த வாரம் மயிலாத்தாள்
கேனை இறக்காமலே எழுத்துக்கூட்டினாள்:
"ம, ரி, லே, னி...
யாருங்க அம்மிணி இது? பார்டருக்கு அந்தப் பக்கமா?"
அந்தப் பக்கந்தான். ரொம்பத் தூரம்.
"மாடு வெச்சிருக்காளா?"

அன்றிரவு
பதினான்கு பக்கத்தையும் மறுபடி புரட்டினேன்.
அதை எங்கும் எழுதவில்லை அவள்.