ஜூலைக்குள்

மெஸ்தியாவிலிருந்து இறங்குகிற வேனை
யாரும் கேட்காமலே நிறுத்தினான் கோச்சா.
வளைவில், பாதிச் சாலையை நனைத்தபடி
உருகிய பனி விழுந்துகொண்டிருந்தது.
பெயர்ப்பலகைகூட இல்லாத அருவி.

கூரையிலிருந்து இறக்கினான்
சுருட்டிக் கட்டிய சிவப்புக் கம்பளத்தை.
"ஜூலை பிறந்தால் இங்கே வெறும் பாறைதான்.
ஞாயிறன்று மகளுக்கு ஞானஸ்நானம்,
வீட்டுக் குழாயில் எலிவால் தண்ணீர்."

பல் மருத்துவரிடம் போகிற ஸாயிரா
கடிகாரத்தைக் காட்டித் திட்டினாள்.
திட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.
பிறகு நான். பிறகு
விடுப்பு முடிந்து திரும்பும் சிப்பாய்,
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி.
ஒருவர் தோளை ஒருவர் பற்றி மிதித்தோம்.
எலும்புக்குள் ஏறியது குளிர்.
முதலில் கறுப்பாய் ஓடியது,
அப்புறம் பழுப்பாய்,
அப்புறம் தெளிந்துவிட்டது.
யாரும் நிறுத்தவில்லை.

ஸுக்திதி வரைக்கும்
சன்னலெல்லாம் சொட்டிக்கொண்டே
கூட வந்தது அருவி.
பல்வலி என்னவாயிற்று என்று
ஸாயிராவிடம் கேட்க மறந்துபோனேன்.

ஆகஸ்டில் மறுபடி அந்த வழியே ஏறினோம்.
எந்த வளைவென்று எனக்குத் தெரியவில்லை,
எல்லாப் பாறையும் ஒரே வெயில்.
ஓரிடத்தில் மட்டும்
எதிரே வண்டி எதுவும் இல்லாமல்
ஒருமுறை ஹாரன் அடித்தான் கோச்சா,
தெரிந்தவர் வீட்டைக் கடக்கிற மாதிரி.