ஐந்து மில்லி

பகலில் நான் எடைமேடைக் கிராணி.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
மேடைக்கு வரும்போது ஓர் எண்,
இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஓர் எண்.
கழித்தால் கிடைப்பதுதான் பழம்.
பன்னிரண்டு வருடமாக இந்த ஒரே கழித்தல்.

இன்று இரவு என் கையில்
இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் கரண்டி.
எப்போதோ காய்ச்சல் மருந்தோடு வந்தது.
கொள்ளளவு ஐந்து மில்லி.

யஷ்மித்தாவுக்கு ஒன்றரை வயது.
நேற்றுச் சாயங்காலத்திலிருந்து
மேலேயும் போகிறது, கீழேயும் போகிறது.
கிளினிக்கில் மிஸ்ஸி ஜுலேஹா
உப்புநீர்ப் பொட்டலம் ஆறு கொடுத்து
"சிக்கிட் சிக்கிட்" என்றார், விரலை ஆட்டி.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி.
கேட்கிறாளே என்று புட்டியோடு கொடுத்தால்
அத்தனையும் வெளியே வரும்.
மைலோ கூடவே கூடாது.
பம்பஸ் நனைகிறதா பாருங்கள்,
ஆறு மணி நேரம் காய்ந்தே கிடந்தால்
குளுவாங்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கடைசியாக நனைந்தது பத்து மணிக்கு.
பக்கத்து வீட்டு அமிர்தலிங்கம்
தன் கார் சாவியை எங்கள் ஜன்னல் கம்பியில்
மாட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

லீலாவுக்குச் செனாயில் இரவு ஷிப்ட்.
லீவு போட்டால் வருகைப் படி போய்விடும்,
இந்த மாதக் கரண்ட் பில் அதில்தான் இருக்கிறது.
"நான் பார்த்துக்கிறேன், நீ போ" என்றேன்,
ஏதோ லோரியைப் பார்த்துக்கொள்வது மாதிரி.

பத்து ஐந்து. விழுங்கினாள்.
பத்து பத்து. உதட்டைப் பூட்டிக்கொண்டாள்.
பத்து பதினைந்து. என் சட்டைமேல்.

பதினொன்றரைக்குச் சமையலறையைக் காட்டி
"மையோ" என்றாள்.
பச்சை டின்னின்மேல் துண்டு போட்டு மறைத்திருந்தேன்.
துண்டுக்குள் என்ன என்று
அவளுக்கா தெரியாது?
"மையோ ப்பா, மையோ"
அழுதாள். சத்தம் இருந்தது.
கண்ணீர் இல்லை.

ஒரு மணிக்குச் சரக்கு ரயில்
லாயாங் லாயாங்கில் நிற்காமல் போனது.
ஜன்னல் கண்ணாடி அதிர,
அழுகையை விட்டுவிட்டு "கூ" என்றாள்.
குவிந்த அந்த வாய்க்குள் சரித்துவிட்டேன்.
ஏமாற்றியதாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டேன்.
உள்ளே: இருபத்தாறு கரண்டி.
வெளியே?
பாயில் படர்ந்ததை,
துணியில் ஊறியதை,
என் தோளில் புளித்துக்கொண்டிருப்பதை
எந்த மேடையில் ஏற்றுவேன்?

இரண்டு மணி இடைவேளையில் லீலா:
"ஒண்ணுக்குப் போனாளா?"
'இன்னும் இல்லை' என்று அடித்தேன். அழித்தேன்.
"தூங்குறா" என்று அனுப்பினேன்.
என் மடியில் உட்கார்ந்து
அந்தப் பொய்யை அவளும் பார்த்தாள்.

கரண்டி குளிர்பெட்டிக்கு அடியில் விழுந்துவிட்டது.
தேக்கரண்டியும் ஐந்து மில்லிதானாம்.
யாரோ எப்போதோ சொன்னதை நம்பி
தேக்கரண்டியால் ஊற்றினேன்.
நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை.

மூன்றே முக்காலுக்குச் சாவியை எடுத்தேன்.
காரில் கிடத்துமுன் மாற்றிவிடலாம் என்று
பம்பஸைக் கழற்றினேன்.
வலக்கையில் அது.
இடக்கையில் பொட்டலத்திலிருந்து எடுத்த புதிது.
இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும்
வித்தியாசம் இருந்தது.
மோந்து பார்த்தேன். மூத்திரம்தான்.
குப்பையில் போட மனம் வராமல்
நடு வீட்டில் அப்படியே நின்றேன்.

"போய்ட்டா" என்று லீலாவுக்கு அடித்தேன்.
அனுப்பும் முன் படித்துப் பார்த்தவனுக்கு
முதுகெல்லாம் சில்லிட்டது.
அழித்துவிட்டு, விரல் நடுங்க, முழுசாக:
"ஒண்ணுக்குப் போய்ட்டா. நிறைய."

சாவி மறுபடி கம்பிக்குப் போனது.

ஆறு மணிக்கு ஆலைச் சங்கு.
கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு
ஒவ்வொரு பருக்கையாகக் கொடுத்தேன்.
ஐந்தாவதைத் துப்பிவிட்டு
துண்டு மூடிய டின்னைப் பார்த்தாள்.

நாலு.
நாலு என்று எழுதி வைத்திருக்கிறேன்.