மூன்று விரற்கடை

கார் பழையது. தொண்ணூற்று நான்காம் வருஷத்து ஃபோக்ஸ்வாகன்.
நிறம் வெள்ளை என்று பதிவேட்டில் இருக்கிறது;
டொலேடோவின் செம்மண் வேறு சொல்கிறது.
சக்கரத்துக்கும் மேல்வளைவுக்கும் நடுவே
ஆறு விரற்கடை வெற்றிடம்.
மழைத்தண்ணீரில் பாவாடையைத் தூக்கிப் பிடித்தவள் போல
அது நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.
தாழ வேண்டும். அவ்வளவுதான்.
ஏன் என்று கேட்கிறவர்கள்
நான் காதில் வளையம் போடுவதையும் கேட்கட்டும்.

தங்கை புருஷன் அடில்சன்
கிரைண்டரோடு வந்தான்.
"ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டினால் முடிந்தது.
பத்து நிமிஷம். காசு வேண்டாம், ஒரு பீர்."
வெட்ட மனசில்லையென்றால் சுடரில் காட்டலாமாம்,
இரும்பு தானாக உட்காருமாம்.

உட்காரும்.
அவன் காரிலேயே பார்த்தேன்.
பள்ளத்தின் மேல் சக்கரம் தொங்கிய ஒரு கணம்,
குட்டைச் சுருள்வில் தன் இருக்கையை விட்டு எழுந்தது.
திரும்பி வந்தபோது வேறெங்கோ உட்கார்ந்தது.
அன்றிலிருந்து அந்த வண்டி
ஒரு காது மந்தமானவன் போலச்
சாய்ந்து சாய்ந்தே போகிறது.

எங்கள் பேச்சில் வேகத்தடைக்கு
வில்முறிப்பான் என்று பெயர்.
கோழி ஆலை வாசலுக்குப் போவதற்குள் ஏழு.
வில்லை முறித்தால் மாலை விழும் ஊர்
எங்கோ இருக்கலாம்.
இங்கே இழுவை வண்டி வரும்,
பில்லோடு.

க்ளெடெமிரின் பட்டறைக்குப் போனேன்.
ஸ்பிரிங் குட்டையானால்
டாம்பரும் குட்டையாக வேண்டும் என்றார்.
நீளக்கால்காரனைக் குழந்தை நாற்காலியில் உட்காரவைத்தால்
முழங்கால் தாடையில் இடிக்கும்.
மரை போட்ட ஜோடி ஒன்று காட்டினார்,
திருகினால் ஏறும், திருகினால் இறங்கும்.
ஆறு தவணை. நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
இரண்டு முறையும் அதே தொகை.

"எவ்வளவு தாழ்த்தணும்?"
"ஐந்து விரற்கடை."
அவர் சிரிக்கவில்லை.
"வண்டியில் எத்தனை பேர்?"
"நானும் நாலு பேரும், இரவு ஷிப்ட்."
"அவர்களைக் கூட்டிக்கொண்டு வா."

விடிகாலை ஐந்தரைக்கு வந்தார்கள்:
மரில்டே, சலேட்டே, இவனீர்,
ஹைத்தியிலிருந்து வந்த விஸ்லின்.
குளோரின் வாசம், முடியில் வலைக்குல்லாயின் தடம்.
தூங்கி வழிந்துகொண்டே ஏறி உட்கார்ந்தார்கள்.
யாரும் எதையும் வெட்டாமலே
கார் ஒன்றரை விரற்கடை இறங்கியது.

க்ளெடெமிர் ஸ்டீயரிங்கை ஒரு கோடிக்குத் திருப்பினார்.
மறு கோடிக்கு.
வளைவோரம் காதை வைத்துக் கேட்டார்.
"காலி வண்டியை அளப்பது
பசித்தவனுக்கு பெல்ட் தைப்பது போல" என்றார்.
"மூன்று."
"நாலு?"
"மூன்று."
"மூன்றரை?"
அவர் கை துடைக்கும் துணியைத் தேடினார்.
பின்சீட்டிலிருந்து சலேட்டே,
கண்ணைத் திறக்காமல்: "மூன்று, நெய்டே. வீட்டுக்குப் போகணும்."

பிறகு இன்னும் சில்லறை வேலைகள், அவற்றுக்கும் காசு:
சக்கரங்களை நேராக்கியது,
தரையைப் பார்த்துக் குனிந்துவிட்ட விளக்குகளை
மறுபடி சாலைக்கு நிமிர்த்தியது,
பரிசோதனை நிலையத்தில் அரை நாள் வரிசை,
புதிய உயரம் ஏறிய காகிதம்.
அழகுக்கு இத்தனை முத்திரை தேவைப்படும் என்று
முன்பே தெரிந்திருந்தால்...
தெரிந்தாலும் செய்திருப்பேன்.

திங்கள் இரவு, ஐந்து பேர், ஏழு வில்முறிப்பான்கள்.
ஆறு வரை மூச்சுகூட இல்லை உள்ளே.
ஏழாவதில் டங்கென்று ஒரு சத்தம்.
பிரேக் அடித்தேன்.
விஸ்லினின் சாப்பாட்டு டப்பா
உருண்டு என் காலடிக்கு வந்தது.

ஞாயிறன்று அடில்சன் வந்தான்.
சுற்றி நடந்தான். குந்தினான்.
"இதுக்கா ஆறு தவணை?
எங்கே தாழ்ந்திருக்கு?" என்று
சக்கரத்தின் மேல் விரலை விட்டான்.
மூன்று விரல் நுழைந்தது.
நிரூபிக்க வேண்டுமே,
நாலாவதையும் திணித்தான். மோதிர விரல்.

வளைவின் விளிம்பில் இப்போது ஒரு கீறல்,
ஒரு விரல் நீளம்.
தங்கை என்னோடு பேசுவதில்லை.
நான் சொன்னது இவ்வளவுதான்:
பெயிண்ட்டுக்கு நீதான் கட்டணும்,
தவணையில் கட்டினாலும் சரி.