ஜன்னலோரத்தில் உட்காரப் போகிறவளுக்கு

நீ யாரென்று தெரியாது.
ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில்
கடைசிக்கு முந்தின பெஞ்சின் இந்த ஓரத்துக்கு வருவாய்.
மேசைக்கு அடியில் கைவிட்டால் இந்தத் தாள் இருக்கும்,
சூயிங்கத்துக்குப் பக்கத்தில்.
சூயிங்கம் என்னுடையது அல்ல.

முதலில் பஸ்.
பந்தலூர் வண்டி ஏழு பத்துக்கு என்பார்கள்.
ஏழு பத்து என்றால் ஆறு ஐம்பத்தைந்து,
இல்லையென்றால் ஏழு நாற்பது.
ஆனை மறித்தது என்று சொன்னால்
எபனேசர் சார் நம்புவார்.
வாரம் ஒருமுறைக்கு மேல் சொல்லாதே,
ஆனைக்கும் வேறு வேலை இருக்கும் என்பார்.

ஜூலையில் இரண்டு அட்டைகள் முக்கியம்.
ஒன்று சாக்ஸுக்குள் ஏறுவது.
பிய்க்காதே, உப்பு வை, அலறாதே,
பையன்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.
மற்றது, கண்ணாடி உடைந்த சதுரத்துக்கு
நான் வெட்டிவைத்த பிஸ்கட் பெட்டி அட்டை.
சாரலுக்கு மாட்டு. வெயிலுக்கு எடுத்துவிடு.
மற்ற கண்ணாடிகளில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்,
அந்த ஓட்டையில்தான் மலை தெரியும்.

எங்கள் எட்டாம் வகுப்பில் பதினொரு பேர்.
நான்தான் முதல் ரேங்க்.
இங்கே முதல் கணக்குப் பரீட்சையில் பதினேழு.
நூற்றுக்கு.
அந்தத் தாளை மடித்து மடித்து
நகமளவு ஆக்கினேன்.
உள்ளே பதினேழு பதினேழாகவே இருந்தது.
பிரித்துப் பார்த்த அன்றுதான் தெரிந்தது,
எட்டும் ஏழும் பதினாறு என்று எழுதியிருக்கிறேன்.
பயம் போட்ட கூட்டல் அது.
சீக்கிரம் பிரித்துப் பார்.

எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள்.
லைன் வீடு என்று சொல்லக் கூசி
டவுனுக்குப் பக்கம் என்றேன்.
கேட்ட ரஹியானத்தும்
டவுனுக்குப் பக்கம் என்றாள்.
அவளும் லைன்தான், எங்களுக்கு அடுத்த டிவிஷன்.
தீபாவளி வரைக்கும்
இல்லாத ஓர் ஊரில் இரண்டு பேரும் குடியிருந்தோம்.

பாத்ரூமில் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போ.
உனக்கு அவள் நிற்கட்டும், அவளுக்கு நீ நில்.
எனக்கு நின்றவள் யோகமலர்.

இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்.
மற்றதெல்லாம் நீயே கண்டுபிடித்துவிடுவாய்.

அவள் இடம் உன் இடதுபக்கம்.
நவம்பரில் ஒரு திங்கட்கிழமை வரவில்லை.
காய்ச்சல் என்று நினைத்தேன்.
புதன்கிழமை அங்கே என் பையை வைத்தேன்.
வசதியாகத்தான் இருந்தது.
அட்டென்டன்ஸில் அவள் பெயரைச் சொல்லிவிட்டு
சார் கொஞ்சம் நிறுத்துவார்.
அப்புறம் அந்த நிறுத்தமும் நின்றுவிட்டது.

மூன்றாவது வாரம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.
யாருடையதோ இரண்டு ஏக்கர் தோட்டத்தில்
உரச்சாக்கைக் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு
கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்து வண்டியைப் பார்த்தாள்.
நான் குனிந்து ஷூ லேஸ் கட்டினேன்.
என் ஷூவுக்கு லேஸ் கிடையாது.

ஜனவரியில்தான் அவள் வீட்டுக்குப் போனேன்.
அவள் அம்மா படுத்திருந்தார்.
பேச ஒன்றும் வராமல் நின்றேன்.
அவள்தான் கேட்டாள்,
"தாழ்ப்பாள் போட்டுட்டாங்களா?"

அதனால்,
ஒரு பெயருக்குப் பதில் வராமல் இரண்டு நாள் போனால்
மூன்றாம் நாள் போய்க் கதவைத் தட்டு.
என்ன சொல்வதென்று தெரியாவிட்டால்
வீட்டுப்பாடம் கொண்டுவந்தேன் என்று சொல்.
அதைக் கேட்டு அவள் திட்டினாலும் பரவாயில்லை.

நாளை முதல் லீவு. அடுத்த வருஷம் நான் மாடியில்.
யோகமலரை மறுபடி ஒன்பதிலேயே சேர்க்கச் சொல்லி
ரஹியானத்தும் நானும்
ஹெச்.எம்.மிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.
அவள் அம்மாவும் கைநாட்டு வைத்திருக்கிறார்.
வரலாம். வராமலும் போகலாம்.
உன் இடதுபக்கம் பையை வைக்காதே,
ஜூலை வரைக்குமாவது.