ரொட்டி வண்டி

நீடாமங்கலம் கேட்டில் நாற்பது நிமிடம்.
இரண்டு கூட்ஸ், ஒரு பாசஞ்சர்.
டீ குடிக்கப் பத்தடிதான் தள்ளிப் போனேன்.
திரும்பி வந்தால் குட்டியானையின் முதுகில்
தார்ப்பாய் அப்படியே இருந்தது,
கயிறும் நான் போட்ட முடிச்சோடு.
அடியில்தான் ஒன்றுமில்லை.

செயின் பிளாக், இரண்டு கிளாம்பு, மெக்கர் பெட்டி,
இருபத்துநாலு அங்குல பைப்பு ரெஞ்சு.
அதன் கைப்பிடியில் வெல்டிங் ராடால்
ரெஜினாவின் முதலெழுத்தைப் போட்டிருந்தேன்.
ரெ. கொஞ்சம் கோணல்.
முக்காலியின் கால்களை மட்டும் விட்டிருந்தான்,
தூக்க முடியாமல் இல்லை, விற்க முடியாமல்.

ஸ்டேஷனில் கேட்டார்கள்: பில் இருக்கா?
பன்னிரண்டு வருஷம் கையில் பிடித்ததற்கு
எந்தக் கடையில் பில் போடுவார்கள்?

வாய்க்காலில் முறைத்தண்ணீர் நின்ற வாரம் அது.
நாற்றங்கால் வெடிக்கிறது என்று
மூவாநல்லூரிலிருந்தும் எடமேலையூரிலிருந்தும்
போன் மேல் போன்.
இரவல் ரெஞ்சோடு போய் இறங்கினேன்.
இரவல் ரெஞ்சு பல் வழுக்கும்.
தோல் உரிவது என் கையில்.

மூடின வண்டிதான், கண்ணாடி இல்லாதது என்றாள் ரெஜினா.
“உள்ள இருக்கறது தெரிஞ்சாத்தானே கை நீளும்?”
கும்பகோணத்தில் ஒன்று பார்த்தோம்.
ஏசி இருந்தது, தரை இல்லை.
பட்டுக்கோட்டை வண்டி மீன் ஏற்றியது.
கதவை விரலால் குத்தினேன்,
விரல் அந்தப் பக்கம் வந்தது.

மூன்றாவது பாபநாசத்தில், சுல்தான் பேக்கரியுடையது.
“பன்னு ஏத்தின வண்டிங்க. பாரமே அறியாது”
என்றார் பஷீர் அகமது.
அது அறியப்போகும் பாரத்தை நான் சொல்லவில்லை.
மல்லாந்து படுத்து அடியில் பார்த்தேன்.
பட்டை நாலும் நேராக இருந்தன,
ஐந்தாவது போட்டுக்கொள்ளலாம்.
ஒன்றே முக்காலுக்கு முடிந்தது.

பின்கதவுக்கு உள்பக்கம் குறுக்குக் கம்பி.
இரண்டு பூட்டு.
தரையோடு போல்ட் அடித்த இரும்புப் பெட்டி.
பூட்டி வைக்கச் சாமான் வாங்கக் காசில்லை இப்போது
என்று நோட்டை மூடிச் சிரித்தாள் ரெஜினா.

‘மோட்டார் ரிப்பேர்’ என்று பெரிசாக எழுதித் தரவா
என்று கேட்டான் பெயின்டர்.
வேண்டாம், பேக்கரி பேரே கிடக்கட்டும்.
ரொட்டிக்காக எவன் கம்பி வளைப்பான்?
எறும்புகள் மட்டும் அந்தப் பெயரை நம்பின.
ஒரு மாதம் ஸ்பேனர் பெட்டிக்குள்
வரிசை வரிசையாக வந்து
ஏமாந்து போயின.

மழை பொய்த்த ஐப்பசியில்
வடுவூர்ப் பக்கம் ஒரு போர்.
மோட்டாரை உருவும்போது பைப்பு கூடவே சுற்றியது,
எதிர்ப்பிடிக்கு இன்னொரு ரெஞ்சு வேண்டும்.
“நம்மகிட்டயே ஒண்ணு கெடக்கு தம்பி”
என்று கொட்டகைக்குள் போனார் நிலத்துக்காரர்.

கைப்பிடிக்குப் புதுப் பச்சைப் பெயின்ட்.
பெருவிரல் தானாகத் தடவியது.
பெயின்டுக்கு அடியில்
அதே கோணல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
பதினோரு பைப்பும் ஏற்றி, பதினோரு பைப்பும் இறக்கினோம்.
தண்ணீர் சேறாக வந்தது, மணலாக வந்தது,
பிறகு தெளிந்தது.
என் சாமான்களைத் துடைத்தேன். அதையும் துடைத்தேன்.
பெட்டிக்குள் அதன் பழைய பக்கத்தில் வைத்தேன்.
முதல் பூட்டு.
இரண்டாம் பூட்டு.
வரப்பில் நின்று இரண்டு சத்தத்தையும் கேட்டார்.

பேசிய கூலி ஆயிரத்தைந்நூறு.
தந்தது ஆயிரத்து நூறு.
நான் எண்ணி முடிக்கும்வரை
அவர் ஒரு வாழைக்கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆக, நானூறுக்கு வாங்கியிருக்கிறார்.
புதுசு இரண்டாயிரத்துக்குக் குறையாது.
இருவருக்கும் நஷ்டமில்லை என்று
அந்த மனிதர் நினைத்திருக்கலாம்.

திரும்புகையில் கேட் போட்டிருந்தது.
டீக்கடைப் பக்கம் நான் பார்க்கவில்லை.
பள்ளிப்பையோடு ஒரு பெண்பிள்ளை கதவைத் தட்டினாள்.
“அண்ணே, க்ரீம் பன் இருக்கா?”

தீர்ந்துபோச்சும்மா என்றேன்.